மாப்பிள்ளை பல்லும் மாப்பிள்ளை அப்பா வாயும்

ஜனவரி 19, ஞாயிறு

மகன் பல்லுக்கு ஓடு போட்டுக்கொள்ளப் போகிறானாம். காலையில் இட்லி சாப்பிடும்போது சொன்னான். வீட்டுக்கு ஓடு போடுவார்கள், மாட்டுக் கொட்டகைக்கு ஓடு போடுவார்கள், பல்லுக்கு ஓடு போடுவதை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் எனக்கும் மகனுக்கும் காவிப் பல்; அவன் அம்மா ஆற்றோரத்து ஊர்க்காரி, தப்பித்துவிட்டாள். எங்களுக்கு மட்டுமா, தர்மபுரிப் பக்கம் போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த பாதி ஜனத்துக்கு அப்படித்தான். அந்தத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பால்பல் விழுந்து முளைக்கிற பல்லே காவியாக முளைக்கும், எத்தனை தேய்த்தாலும் போகாது. சேலம் பஸ் ஸ்டாண்டில் நான் வாயைத் திறந்தால் போதும், ஆதார் அட்டை காட்ட வேண்டியதில்லை. இப்போது குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிறது, சின்னப் பிள்ளைகள் பளிச்சென்று சிரிக்கிறார்கள். நாங்கள் குழாய்க்கு முந்தைய ஆட்கள்.

"ஆம்பளைக்கு எதுக்குடா பல்லுல அழகு? மீசையை இறக்கி விட்டா முக்கால்வாசி மறைஞ்சிடும்" என்றேன்.

"உன் காலம் வேறப்பா. நான் கஸ்டமர் மூஞ்சிக்கு நேரா நின்னு பேசணும். வாயைப் பொத்திக்கிட்டுப் பேசினா, போன்ல ஏதோ கோளாறு இருக்குது, இவன் மறைக்கிறான்னு நெனைக்கிறான்."

இளம்பரிதி ஓசூரில் செல்போன் ஷோரூமில் வேலை பார்க்கிறான். இருபத்தேழு முடிந்துவிட்டது. அவன் அம்மா மாதம்மா தோசைக்கல்லைத் திருப்பிப் போடுகிற மாதிரி பேச்சைத் திருப்பினாள். "பொண்ணு பாக்கப் போறப்ப நல்லாத்தானே இருக்கும்."

அவன் சம்பாத்தியம், அவன் வாய். நான் கை கழுவ எழுந்துவிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

மகனுடன் பல் ஆஸ்பத்திரி. ஊசி போட்டால் வண்டி ஓட்டக்கூடாதாம், அதனால் வரும்போது ஓட்டி வரப் போன மனிதன் நான்.

அந்தக் காலத்தில் பல் டாக்டரிடம் கன்னம் வீங்கினால்தான் போவோம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு பக்கம் பன் வைத்த மாதிரி. இன்றைக்குப் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் ஆண்கள், ஒருத்தனுக்கும் கன்னம் வீங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் மனை விற்கிறவர். கையில் மூன்று மோதிரம். "சைட்டைக் காட்டுறப்ப நாம சிரிக்கிற சிரிப்புலதாங்க பார்ட்டி அட்வான்ஸ் குடுக்கறான்" என்றார். அதற்கு அடுத்தவன் அடுத்த மாதம் கல்யாணம் என்றான். போட்டோக்காரர் அனுப்பி வைத்தாராம். பெண்கள் ஒருவர்கூட இல்லை. பெண்களை இன்னும் வீட்டில் விடவில்லை போல.

டாக்டர் ஹேமலதா சின்ன வயசுப் பெண்தான். ஒரு அட்டை நிறையப் பற்களை வரிசையாக நீட்டினார், பெயின்ட் கடைக் கலர் அட்டை மாதிரி. வெள்ளையிலே இத்தனை வெள்ளை இருப்பது எனக்குத் தெரியாது. மகன் இருப்பதிலேயே வெள்ளையானதைத் தொட்டான்.

"அது ரொம்ப வெளுப்பு. ஒரு ஷேடு கீழ போலாம்" என்றார் டாக்டர்.

"வேணாம் மேடம். இதே இருக்கட்டும்."

பல்லின் மேல்தோலை நகத்தளவு இழைத்துவிட்டு, பீங்கான் ஓட்டை அதன் மேல் ஒட்டுவார்களாம். இழைக்கிற சத்தம் வெளியே கேட்டது. மனை விற்கிறவர் டிவியைக் கொஞ்சம் சத்தமாக வைக்கச் சொன்னார்.

ஜனவரி 29, புதன்

கண்டக்டர் வேலையில் டபுள் டூட்டி. முழங்கால் வலி. வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஓடு போட்டாகிவிட்டது. கதவைத் திறந்ததும் வேறு யாரோ என்று நினைத்து, "யாருங்க" என்று கேட்கப் போனேன். நல்லாயிருக்கிறது. நிஜமாகவே நல்லாயிருக்கிறது. சும்மா நின்றாலே சிரிக்கிற மாதிரி இருக்கிறான். முன்பெல்லாம் கல்யாண வீடுகளில், "அப்படியே அப்பன் சிரிப்பு" என்பார்கள். இனி அந்தப் பேச்சு வராது. அவனுக்கு ஒரு தொல்லை விட்டது.

ஐஸ் தண்ணீர் பட்டால் கூசுகிறதாம். முறுக்கைத் தள்ளி வைத்துவிட்டான். மாதம்மா அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஜவுளிக்கடைச் சேலையைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீயும் பண்ணிக்கப்பா. நான் பாத்துக்கறேன்" என்றான்.

"நான் பண்ணிக்கிட்டு? டிக்கெட் கிழிக்கவா? வண்டில பாதிப் பேரு என் மூஞ்சியையே பாக்கறதில்ல, சில்லறையைத்தான் பாக்கறாங்க."

அவன் விட்டுவிட்டான். இன்னும் ஒரு தடவை கேட்பான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நல்லதுதான்.

பிப்ரவரி 13, வியாழன்

ஓடு போட்ட அன்றைக்கு மகன் ஹெல்மெட்டை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டான். மதியம் வண்டி டிப்போவில் நின்ற நேரத்தில் அதை எடுக்கப் போனேன். போன காரியம் ஹெல்மெட்தான்.

கூட்டம் இல்லை. டாக்டரம்மா சும்மா இருந்தார். சும்மா இருக்கிறவர்களிடம் இரண்டு வார்த்தை பேசாமல் வந்தால் மரியாதையில்லை என்று உட்கார்ந்தேன். அந்த நாற்காலி உட்கார்ந்தவுடன் படுத்துக்கொள்கிறது. படுத்தாயிற்று, வாயையும் திறந்தாயிற்று.

ரொம்ப நேரம் பார்த்தார். கம்பி ஒன்றை விட்டு விட்டுக் குத்தினார். "ஈறு நல்லா இறங்கிடுச்சுங்க. உள்ள எலும்பும் கரைஞ்சிருக்கு. முன்னாடி மூணு பல்லு ஆடுது பாருங்க. இது மேல ஓடு ஒட்ட முடியாது, தாங்காது. முதல்ல க்ளீன் பண்ணுவோம். அப்புறம் இதையெல்லாம் எடுத்துட்டு செட்டுதான் கட்டணும்."

"கட்டடமே ஆடுது, பெயின்ட் எதுக்குங்கறீங்க" என்றேன்.

சிரித்தார். நல்ல பெண்.

வரும்போது அந்தக் கலர் அட்டையைச் சும்மா ஒரு தடவை வாங்கிப் பார்த்தேன். மகன் எடுத்த வெள்ளை எனக்கு ஒத்து வராது. இரண்டாவது வரிசையில் மூன்றாவது, அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஒரு வெள்ளை, நன்றாக இருந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

மாதம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது. ஹெல்மெட் கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 23, ஞாயிறு

பாலக்கோடு தாண்டிக் கரட்டூரில் பெண் பார்த்துவிட்டு வந்தோம். தரகர் சாமிக்கண்ணு கொண்டு வந்த இடம். பெண் பெயர் தமயந்தி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. அப்பா பச்சமுத்து தக்காளி போடுகிறவர்.

கிளம்பும் முன்பே முடிவு செய்துவிட்டேன், இன்றைக்கு வாயைத் திறப்பதில்லை என்று. யாரும் சொல்லவில்லை. மகன் பக்கத்தில் வெள்ளைவெளேரென்று உட்கார்ந்திருக்கும்போது, நான் வாயைத் திறந்தால் அவன் வாய்க்குள் இருப்பது ஒட்டியது என்று போர்டு எழுதி மாட்டிய மாதிரி ஆகிவிடும். அந்த மூன்று பல் வேறு ஆடுகிறது. பேச்சுவாக்கில் ஒன்று தட்டில் விழுந்தால் சபை கலைந்துவிடும்.

வண்டியில் காலை முதல் இரவு வரை ஓயாமல் பேசுகிற மனிதன் நான். "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள இன்னொரு பஸ்ஸே காலியா இருக்குது" என்று கத்துகிற வாய். அந்த வாயைப் பூட்டிக்கொண்டு உட்காருவது டபுள் டூட்டியைவிடக் கஷ்டம். கைக்குட்டையால் மீசையைத் துடைக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன். சிரிப்பு வருகிற இடத்தில் மூக்கால் மூச்சு விட்டேன். வாழைக்காய் பஜ்ஜி வைத்தார்கள். கடிக்க பயந்து ஒன்றைக் கையிலேயே வைத்திருந்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன்.

பெண்ணின் அப்பாவுக்கு ஜலதோஷம் போல. துண்டை வாயிலிருந்து எடுக்கவேயில்லை. அவரும் அதிகம் பேசவில்லை. மாதம்மாவும் சாமிக்கண்ணுவும்தான் பேசித் தீர்த்தார்கள்.

காபி கொண்டு வந்த பெண் மட்டும் வாயைப் பொத்தவில்லை. சாமிக்கண்ணு ஏதோ சொன்னதற்குச் சத்தமாகவே சிரித்தாள். எங்கள் தண்ணீர்ப் பல், அசல் காவி. அந்தப் பெண்ணுக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. மகன் காபியைக் குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தான்.

அங்கே ஒரு வழக்கம். எழுந்திருக்கும் முன் மாப்பிள்ளையின் அப்பா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "சந்தோஷம், போயிட்டு வர்றோம்" என்றால்கூடப் போதும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கும்பிட்டேன்.

வரும் வழியில் மகன் போனில் தமயந்தியோடு ஏதோ மெசேஜ், நம்பர் எப்போது வாங்கினானோ. மாதம்மா ஜன்னல் பக்கம் திரும்பித் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள்.

பிப்ரவரி 27, வியாழன்

சாமிக்கண்ணு போன் செய்தார். அவர்கள் வேண்டாம் என்கிறார்களாம்.

"மாப்பிள்ளையைக் குறை சொல்லலைங்க. உங்களைத்தான் சொல்றாங்க. மனுசன் ஒரு பஜ்ஜி தொடல, ஒரு வார்த்தை பேசல, மூஞ்சியே குடுக்கல, அவருக்கு எங்க வீடு புடிக்கலைன்னு தெரிஞ்சுபோச்சு, புடிக்காத வீட்டுக்குப் பொண்ணை அனுப்பி என்ன பண்றதுங்கறாரு பச்சமுத்து."

மாதம்மா பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

மார்ச் 2, ஞாயிறு

மகன் வந்தான். செருப்பைக் கழற்றாமலே கேட்டான்.

"புடிக்கலைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லப்பா. அங்க வந்து ஊமை மாதிரி உக்காந்திருக்கணுமா?"

"புடிக்காம என்னடா."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கல? ஊரெல்லாம் ஜோக் அடிக்கிறே. உன் பையனுக்குன்னு ஒரு நாளு பேச மாட்டியா?"

தொண்டை கட்டியிருந்தது என்றேன். அவன் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன்.

"அந்தப் பொண்ணு என்னை நேரா கேட்டா, உங்கப்பா எங்களைக் கேவலமா நெனைக்கிறாராங்கன்னு. கேட்டுச் சொல்றேன்னேன். இப்ப என் போனை எடுக்கறதில்ல."

சாப்பிடாமல் ஓசூர் பஸ் ஏறிவிட்டான்.

மார்ச் 5, புதன்

டிரைவர் சென்றாயன் கண்டுபிடித்துவிட்டான். "ஏம்பா தீர்த்தகிரி, மூணு நாளா வண்டில விசில் சத்தம் மட்டும்தான் வருது. உன் சத்தம் எங்க? எனக்குத் தூக்கம் வந்து புளியமரத்துல ஏத்திடப் போறேன்" என்றான்.

இண்டூர் ஸ்டாப்பில் டீ குடிக்கும்போது சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போனது, ஓடு ஒட்டாது என்றது, கரட்டூரில் வாயைப் பூட்டியது எல்லாம். இருபது வருஷமாக ஒரே வண்டியில் இருக்கிறோம். அவனும் காவிதான்.

விழுந்து விழுந்து சிரிப்பான் என்று நினைத்தேன். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான்.

"போய் வாயைத் திறந்து காட்டிட்டு வா" என்றான்.

"யாருகிட்ட?"

"அந்தத் தக்காளிக்காரருகிட்டதான். வேற எப்படிப் புரியும் அவருக்கு? சாமிக்கண்ணு வாயால சொன்னா அது வேற கதையாயிடும்."

மார்ச் 7, வெள்ளி

போகவில்லை. டூட்டி.

மார்ச் 8, சனி

இன்றும் போகவில்லை. டூட்டி இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

போனேன். மாதம்மாவிடம் மாற்று டூட்டி என்று சொல்லிவிட்டு, பாலக்கோட்டில் இறங்கி, கரட்டூருக்கு ஷேர் ஆட்டோ. பயணியாக உட்கார்ந்து போவது பழக்கமில்லாததால் படியிலேயே கால் வைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டோக்காரன் உள்ளே தள்ளினான்.

பச்சமுத்து தோட்டத்து ஓரம் தக்காளியைக் கிரேட்டில் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்தவர் முதல் வேலையாகத் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். இன்னும் ஜலதோஷம் விடவில்லை என்று நினைத்தேன்.

"என்னாங்க இந்தப் பக்கம்" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

என்னென்னவோ தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, "உங்ககிட்ட ஒண்ணு காட்டிட்டுப் போவலாம்னு வந்தேன்" என்று சொல்லி, வாயை நன்றாகத் திறந்தேன். ஈறு வரைக்கும். முன்பல்லை விரலால் ஆட்டியும் காட்டினேன்.

"இதை மறைக்கத்தாங்க அன்னைக்கு அப்படி உக்காந்திருந்தேன். பையன் பக்கத்துல இதைத் திறக்கக் கூச்சமா இருந்துச்சு. அவனுதுக்கு ஓடு போட்டிருக்குது. எனக்கும் போட்டுக்க ஆசைதான். போய்க் கேட்டுட்டு வந்தேன். இதுக்கு ஒட்டாதாம். மத்தபடி உங்க வீடு புடிச்சுதுங்க. பொண்ணு ரொம்பப் புடிச்சுது. பஜ்ஜிகூடப் புடிச்சுது, கடிக்கத்தான் பயம்."

எனக்கும் போட்டுக்க ஆசைதான் என்று நானே சொன்னதை நானே அப்போதுதான் கேட்டேன்.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டு மெதுவாகக் கீழே வந்தது. மேல்வரிசையில் முன்னால் இரண்டு பல் இல்லை. மீதி என்னுடையதைவிட ஒரு ஷேடு கூடுதல்.

"மாப்பிள்ளை பல்லைப் பாத்தேங்க. கை தன்னால துண்டுக்குப் போயிடுச்சு. உங்களைப் பாத்தேன், நீங்களும் வாயைத் திறக்கல. பையனுக்கே இப்படின்னா அப்பாவுக்கும் அப்படித்தான் இருக்கும், எங்க மூஞ்சிங்களைப் பாத்து சிரிப்பு வந்து அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கீங்கன்னு நெனைச்சேன். மூக்கால வேற புஸ்ஸு புஸ்ஸுன்னு விட்டீங்க."

"அது உங்க ஜோக்குக்கு விட்டதுங்க."

"நான் ஜோக்கே சொல்லல."

"சாமிக்கண்ணு சொன்னதுக்கு."

இரண்டு பேரும் தக்காளிக் கிரேட்டின் மேல் உட்கார்ந்தோம். ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொள்ளும் சங்கடம் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அவர் எந்தப் பல் எப்போது விழுந்தது என்று சொல்ல ஆரம்பித்தார். நானும் சொன்னேன்.

தமயந்தி மோர் கொண்டு வந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். சொம்பைக் கொடுத்துவிட்டு நின்றாள்.

"நான் ஒண்ணு கேக்கணும்ங்க. உங்க பையன் நல்லாத்தான் பேசினாரு. ஆனா கல்யாணம் ஆன அப்புறம், நீயும் பண்ணிக்கோன்னு சொல்வாரா? என் பல்லை நான் இழைக்க விட மாட்டேன். இதோடதான் படிச்சேன், இதோடதான் வேலை வாங்கினேன். அதுக்கு அவரு சரின்னா சரி."

"எங்க பையனா, அவன் அப்படியெல்லாம்" என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டேன். என்னிடம் அப்படித்தான் சொன்னான்.

"கேட்டுச் சொல்றேம்மா" என்றேன்.

"நீங்க சொல்ல வேணாம். அவரையே சொல்லச் சொல்லுங்க."

பச்சமுத்து மகளை அதட்டவில்லை. ஆட்டோ வரைக்கும் வந்து நின்றார். ஒரு பை தக்காளி கொடுத்தார். அவர் வாயிலிருந்தும் ஒரு முடிவும் வரவில்லை. மாற்று டூட்டியில் தக்காளி கொடுத்தார்கள் என்று மாதம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன், பொய் சொல்லவும் தெம்பில்லை. அவள் தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைத்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

மகனிடம் சொன்னேன். மதியச் சாப்பாடு முடிந்து அவன் படுத்திருந்தான். பக்கத்துப் பாயில் நானும் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடியே சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயமில்லை.

ஆஸ்பத்திரி, ஈறு, கரட்டூர், எல்லாம் கேட்டுவிட்டு என் பக்கம் புரண்டு படுத்தான்.

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா? உன் பல்லைக் கழட்டிக் குடுப்பியா?"

சிரிக்கவில்லை. "பண்ணிக்கன்னு நான் சொன்னப்ப உன் மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. நீ கோவிச்சுக்கிட்டேன்னு நெனைச்சுத்தான் திரும்பக் கேக்கல."

அந்தப் பெண் கேட்டதையும் சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். "இதுக்கு என்ன சொல்லுவே" என்று கேட்கவில்லை. எது சொன்னாலும் அது அவன் வாயிலிருந்து அவள் காதுக்குப் போக வேண்டியது.

போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். மாதம்மா படிக்கட்டுக்குக் கீழே நின்று கேட்கப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை என்றாள். நான் தூங்கிவிட்டேன்.

எழுந்தபோது அவன் ஓசூர் கிளம்பியிருந்தான். போன் எடுத்தாளா, பேசினார்களா, என்ன சொன்னான், எதுவும் சொல்லவில்லையாம். அவன் அம்மா கேட்டதற்கு, "பாக்கலாம்மா" என்றானாம். பாக்கலாம் என்பதில் எத்தனை ஷேடு உண்டு என்று அந்த டாக்டரம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

பல் க்ளீன் செய்துகொண்டேன். நிறைய ரத்தம். ஒன்றை எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டை அடுத்த மாதம்.

மார்ச் 20, வியாழன்

காலை பத்தரை மணி, பென்னாகரம் நடை. தர்மபுரி ஸ்டாண்டில் நல்ல கூட்டம். வழக்கமான கூப்பாடு போட்டேன். பல் போன இடத்தில் காற்று வந்து வார்த்தை கொஞ்சம் ஈரமாக விழுகிறது, முன் சீட்டுக்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

நெசவாளர் காலனி தாண்டியதும் பின்னாலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டு வந்தேன். நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சலவை வேட்டியோடு ஒருவர் நின்றார். முதுகைத் தட்டி, "எங்கங்க" என்றேன். திரும்பினார். பச்சமுத்து.

அவர் இந்த ரூட்டில் வருகிற ஆள் இல்லை. பாலக்கோட்டுக்காரருக்குப் பென்னாகரம் பஸ்ஸில் என்ன வேலை. முடியாது என்பதை நேரில் சொல்லிவிடுவது மரியாதை என்று வந்திருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது. கேட்கவும் முடியவில்லை. பின்னால் ஒரு அம்மா சில்லறைக்குக் கத்திக்கொண்டிருந்தார்.

அவர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார்.

"பென்னாகரம் ஒண்ணு குடுங்க சம்பந்தி" என்றார்.

எனக்கு விஷயம் தெரிந்தது அப்படித்தான். டிக்கெட் மெஷினில் தப்பான ஊரை அழுத்திவிட்டேன். கேன்சல் செய்து திரும்ப அடித்தேன்.

"வீட்டுக்குப் போனேன். எப்பவும் வண்டிலதான் இருப்பாருன்னு சம்பந்தியம்மா சொன்னாங்க. அதான் வண்டிக்கே வந்துட்டேன்" என்றார்.

"பையன் என்ன சொன்னான்?"

"தெரியலைங்க. பொண்ணு போன்ல பேசிட்டு வந்து, ஒரு மாதிரி சிரிச்சிக்கிட்டே, சரின்னு சொல்லிடுங்கப்பான்னுச்சு. நான் தோண்டிக் கேக்கல."

காசு வேண்டாம் என்றேன். கையில் திணித்தார். செக்கர் ஏறினால் சம்பந்தி கிம்பந்தி என்று பார்க்க மாட்டான், கடைசியில் நானே வாங்கிக்கொண்டேன். பெண் கொடுக்கிறவரிடம் முதல் வரவாகப் பஸ் சார்ஜ் வாங்கிய மாப்பிள்ளை அப்பன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தன்தான் இருப்பேன். மாதம்மாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான்.

பென்னாகரத்தில் இறங்கினோம். சென்றாயனும் சேர்ந்துகொண்டான். டீயும் மெதுவடையும். மூன்று பேரும் வடையை டீயில் நனைத்துத்தான் தின்றோம். வண்டி திரும்புகிற நேரம் ஆனதும், "சரிங்க, நீங்க உங்க வேலையைப் பாத்துட்டு வாங்க" என்றேன்.

"எனக்கு இங்க என்ன வேலை" என்றார்.

அதே வண்டியில் ஏறினார். முன் சீட்டில் இடம் பிடித்து உட்கார்ந்து, நான் பின்னாலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டு வருவதற்குள் பொறுக்காமல், நோட்டை உயர்த்திப் பிடித்து வண்டி முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

"தர்மபுரி ஒண்ணு, சம்பந்தி."